ஆஃப்செட்: ஈடுசெய்யவா, கழிக்கவா, அப்படியே விடவா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் தமிழில் கொடுக்கச் சொன்னார்கள். தொழிலாளர்கள் கைக்கும் போகப்போகிறது, படித்தால் புரிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 40 பக்கம். ஒரு வாரத்தில் முடித்துவிட்டேன், ஒரு சொல்லைத் தவிர.

அந்தச் சொல் ஆஃப்செட். அறிக்கையில் அது ஐந்து இடத்தில் ஐந்து வேலை பார்த்தது. நூல் விலை ஏறியதை டாலர் மதிப்பு கூடியது ஓரளவு ஆஃப்செட் செய்தது என்று ஒரு வரி. முந்தைய ஆண்டு நட்டத்தை இந்த ஆண்டு லாபத்தில் ஆஃப்செட் செய்தது பற்றி ஒரு குறிப்பு. தீபாவளிக்குக் கொடுத்த முன்பணத்தை வாரச் சம்பளத்தில் ஆஃப்செட் செய்வது பற்றி ஒரு பத்தி. பாய்லரும் லாரியும் விட்ட புகைக்குக் கார்பன் ஆஃப்செட் வாங்கியதைப் பற்றி இரண்டு பக்கம். பின்னட்டையில், ஆஃப்செட் முறையில் அச்சிடப்பட்டது.

முதல் படியில் அச்சு முறையை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலுக்கும் ஈடுசெய் என்று போட்டேன். அகராதியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஆனால் வாய்விட்டுப் படித்தபோது ஒன்றுதான் தமிழாகக் காதில் விழுந்தது. மற்றவை வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தன. அப்புறம்தான் நம்மிடம் என்னென்ன சொல் இருக்கிறது, எது எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மொழிபெயர்ப்போ கணக்கோ எழுதுகிறவர்களுக்கு இதே சொல் என்றைக்காவது குறுக்கே வந்து நிற்கும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒரு பிரிப்பு. இதைச் செய்யாவிட்டால் மற்ற ஒப்பீடு எல்லாம் வீண்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஆஃப், செட் என்ற இரண்டு சின்னச் சொற்களின் சேர்க்கை. ஒன்றை அதன் இடத்திலிருந்து பெயர்த்துத் தள்ளி வைப்பது என்பதுதான் அடியில் கிடக்கும் படம். 16ஆம் நூற்றாண்டில் புறப்படுதல் என்ற பொருளில் வந்தது. பிறகு தாய்ச் செடியின் பக்கத்தில் தனியாகக் கிளம்பும் கன்றுக்கு அந்தப் பெயர் வந்தது. சோற்றுக்கற்றாழைத் தொட்டியில் அடியில் குட்டி குட்டியாக வருமே, தோட்டக்கலைப் புத்தகத்தில் அதற்கு இன்றும் ஆஃப்செட் என்றுதான் பெயர். ஒன்றுக்கு எதிராக இன்னொன்றை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆக இரண்டு குடும்பம். ஒன்று, தள்ளி இருப்பது. இன்னொன்று, எதிரில் வைப்பது. ஈடு, கழிவு, சமன் என்று நாம் யோசிப்பதெல்லாம் இரண்டாவது குடும்பத்துக்கு மட்டும்தான். முதல் குடும்பத்துக்கு இந்தச் சொற்களைப் போட்டால் அபத்தமாகிவிடும். ஒரு செயலியின் தமிழ் வடிவத்தில், உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ‘நேர ஈடு’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாருடைய நேரத்துக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது, அது நேர வித்தியாசம், முடிந்தது. இலங்கையில் 1996இல் கடிகாரத்தை முன்னால் தள்ளி, 2006இல் மறுபடி நம்மோடு ஒன்றாக்கினார்கள். அந்தப் பத்து வருடம் அங்கே வாழ்ந்தவர்களுக்குப் பழைய நேரம், புதிய நேரம் என்று சொல்லியே புரிந்தது. கணினி நினைவகத்தில் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்பதும், கார் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி என்பதும், சர்வேயர் சங்கிலிக் கோட்டிலிருந்து செங்குத்தாக எடுக்கும் அளவும் இதே வகைதான். எழுதும்போது ‘தள்ளி’ என்ற சொல் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் ஈடு பக்கமே போக வேண்டாம்.

அச்சுத் தொழிலின் ஆஃப்செட்டும் இந்த முதல் குடும்பம்தான். தகட்டில் இருக்கும் மை நேராகத் தாளில் படுவதில்லை. முதலில் ரப்பர் போர்வையில் ஒற்றி, அங்கிருந்து தாளுக்குப் போகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சுக்காரர் இதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தார் என்பதைவிட, தாளை வைக்க மறந்தார் என்பது சரி. தாள் இல்லாமல் உருளை ஒரு சுற்றுச் சுற்றியதில் மை ரப்பரில் ஒட்டி, அடுத்த தாளின் பின்பக்கம் படம் விழுந்தது. விழுந்த படம் முன்பக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. தகரத்தில் அச்சடிக்க இங்கிலாந்தில் 1875 வாக்கிலேயே இதே உத்தி இருந்தது என்றாலும், தாளுக்கு வந்தது அவரால்தான். அகராதிகளில் இதற்கு ‘மறுதோன்றி அச்சு’ என்று ஒரு சொல் உண்டு. உண்மையிலேயே அழகான சொல், நடப்பதை அப்படியே சொல்கிறது. ஆனால் சிவகாசியில் காலண்டர் அடிக்கும் இடத்தில் போய் மறுதோன்றி என்று கேட்டால் பக்கத்துத் தெருவில் கேளுங்கள் என்பார்கள். அங்கே பெயர்ப் பலகை எல்லாம் ஆஃப்செட்தான். பின்னட்டையில் கைவைக்கவில்லை.

இனி எதிரில் வைக்கும் குடும்பம்.

இந்தக் கருத்துக்குத் தமிழில் சொந்தமாக ஒரு சொல் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மளிகைக் கடையில் தட்டுத் தராசு இருந்த காலத்தில் எண்ணெய் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்குவாளியை ஒரு தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் கல்லோ ஆணியோ புளியங்கொட்டையோ போட்டு முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவார் கடைக்காரர். அதற்குத் தடை கட்டுவது என்று பெயர். அதன் பிறகுதான் எடைக்கல்லை வைத்து எண்ணெய் ஊற்றுவார். தூக்குவாளியின் கனம் எங்கும் போய்விடவில்லை. தட்டில்தான் இருக்கிறது. எதிரில் ஒன்றை வைத்ததால் அது கணக்கில் வராமல் போகிறது. ஆஃப்செட் என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் ஆங்கில அகராதியில்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டுக் கடனில் ஆஃப்செட் கணக்கு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வீடு வாங்கும் நம் ஆட்கள் பேச ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் இந்தச் சொல் வந்துவிடும். இங்கேயும் பாரத ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடன்கள் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்தன. கடன் 40 லட்சம், அதோடு இணைந்த கணக்கில் நம் பணம் 5 லட்சம் கிடக்கிறது என்றால், வட்டி 35 லட்சத்துக்கு மட்டும். இதைக் கழித்துக்கொண்டார்கள் என்று எழுதினால் தப்பு. கழித்துவிட்டால் பணம் போயிற்று. இங்கே அந்த 5 லட்சம் நம்முடையதாகவே இருக்கிறது, நாளைக்கே எடுத்துக் கல்யாணச் செலவு செய்யலாம், எடுத்த அன்றிலிருந்து 40 லட்சத்துக்கும் வட்டி ஓடும். அச்சு அசல் தடை கட்டுவதுதான். கடனுக்கு எதிர்த்தட்டில் பணத்தை வைத்திருக்கிறோம்.

ஆனால் இன்று ‘தடைக் கணக்கு’ என்று அச்சில் போட முடியுமா? வங்கி நம் கணக்கை முடக்கிவிட்டது என்று பதறுவார்கள். மின்னணுத் தராசு வந்து, ஒரு பொத்தானை அமுக்கினால் எண் பூஜ்யத்துக்கு வருகிறது. செயல் போனது, சொல்லும் போனது. மனசில்லாமல்தான் இந்தப் பெயரை அடித்தேன்.

சரி, புழக்கத்தில் இருப்பவற்றுக்கு வருவோம்.

ஈடு என்ற சொல் ஒரு தனி உலகம். ஈடு இணையற்ற என்றால் சமம். ஈடு கொடுக்க முடியவில்லை என்றால் வேகத்துக்கு ஓட முடியவில்லை. ஒரு ஈடு இட்லி என்றால் ஒரு தடவை தட்டு வைத்து எடுப்பது. சொத்தை ஈடாக வைத்தால் அடமானம். இத்தனையையும் சுமந்துகொண்டுதான் ஈடுசெய் என்று வந்து நிற்கிறது. அரசாங்கம் அதை ஏற்கெனவே ஒரு வேலைக்கு அமர்த்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தவருக்கு ஈடுசெய் விடுப்பு. காட்டை அழித்துச் சாலை போட்டால் வேறிடத்தில் ஈடுசெய் காடு வளர்ப்பு, அந்தப் பணத்தைக் கையாள 2016இல் தனிச் சட்டமே வந்தது. இவை இரண்டிலும் ஆங்கிலச் சொல் காம்பென்சேட், அதாவது இழந்தவருக்குத் திருப்பிக் கொடுப்பது. இழப்பீடு என்ற சொல்லிலேயே அது இருக்கிறது.

ஆஃப்செட்டில் யாரும் யாருக்கும் எதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நூல் விலை ஏறியது ஒரு பக்கம், டாலர் மதிப்பு ஏறியது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. லாபத்தில் சேர்ந்து வந்து விழும்போதுதான் ஒன்று மற்றதன் வீச்சைக் குறைக்கிறது. இந்த இடத்தில் ‘ஈடுசெய்தது’ என்றால் டாலர் வேண்டுமென்றே வந்து உதவியது போல இருக்கிறது. ‘ஈடுகட்டியது’ என்று மாற்றினேன், உடனே உட்கார்ந்துவிட்டது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். எனக்கு ஒரு வித்தியாசம் கேட்கிறது. ஈடுசெய்வதற்கு ஓர் ஆள் வேண்டும். ஈடுகட்ட ஆள் வேண்டாம், மழை போதும். ஆடியில் விட்டதை ஐப்பசி மழை ஈடுகட்டிவிட்டது என்று எந்தக் குடியானவரும் சொல்வார். ஈடுசெய்துவிட்டது என்றால் வானொலிச் செய்தி.

ஈடுகட்டுக்கு இன்னொரு வசதி, ‘ஓரளவு’ என்ற சொல் அதற்கு முன்னால் பிசிறில்லாமல் நிற்கும். வணிகச் செய்திகளில் ஆஃப்செட் பெரும்பாலும் ஓரளவு, பாதி, கிட்டத்தட்ட முழுக்க என்ற அடைமொழியோடுதான் வருகிறது. சமன்செய் என்பதை இங்கே போட்டுப் பாருங்கள். ஓரளவு சமன்செய்தது. சமன் என்றால் சமன்தான், அதில் என்ன ஓரளவு? தொடரை 2-2 என்று சமன் செய்வது கிரிக்கெட்டுக்குச் சரி. முழுக்கச் சரியாகும் இடத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். நேர்செய் என்பதும் அப்படியே. கொடுக்கல் வாங்கலில் இரண்டு பக்கமும் பைசா பாக்கி இல்லாமல் முடிந்தால் கணக்கு நேர்.

முன்பணம் பத்திக்கு நான் ரொம்ப யோசித்திருக்கத் தேவையே இல்லை. நிறுவனத்தின் கணக்காளரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

“தீபாவளி அட்வான்ஸை ஈடுசெய்தல்னு போட்டிருக்கேன், சரியா இருக்குங்களாண்ணா?”

“அதுக்கு எதுக்குங்க ஈடு? பிடித்தம்னு போடுங்க. சம்பள ரசீதுல அப்படித்தானுங்க இருக்குது. வேற என்னமோ போட்டீங்கன்னா, புதுசா எதையோ பிடிக்கறாங்கன்னு சனிக்கெழம எங்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க.”

பிடித்தம். வாங்குகிறவருக்கும் கொடுப்பவருக்கும் பழகிய சொல். இத்தனைக்கும் என் மூளையில் அது வரவே இல்லை, ஏனென்றால் நான் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, சனிக்கிழமை மாலை அந்தக் கவுண்டரில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

பிடி, கழி இரண்டும் ஒரே பண்டம் இரண்டு பக்கமும் இருக்கும்போது வேலை செய்யும். பணத்தில் பணத்தைக் கழிக்கலாம், நாளில் நாளைக் கழிக்கலாம். விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாட்களைத் தண்டனையில் சேர்த்துக்கொள்ளும் விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 468. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது ஆஃப்செட்டின் அண்ணனான செட்-ஆஃப். நம் நீதிமன்றச் செய்தியில் ‘சிறையில் இருந்த காலத்தைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்ள உத்தரவு’ என்று வரும், யாருக்கும் குழப்பமில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்தில் பழைய நடை, புது நடை என்று பிரித்து எழுதுவார்கள். உங்களுக்கு முன்பு ஒருவர் 500 ரூபாய் செய்திருக்கிறார், நீங்கள் அவர் விருந்தில் 1,000 வைக்கிறீர்கள் என்றால், 500 பழைய நடையில் கழிந்தது, 500 புது நடையாக ஏறியது. செட்-ஆஃபும், மிச்சத்தை அடுத்த கணக்குக்குக் கொண்டுபோகும் கேரி ஃபார்வேர்டும் ஒரே நோட்டில்.

சிவில் வழக்கில் இதற்கு எதிரீடு என்று சட்டத் தமிழில் ஒரு சொல் உண்டு. ஒருவர் 1 லட்சம் பாக்கி என்று வழக்குப் போடுகிறார், அவர் எனக்கு 40,000 தர வேண்டியிருக்கிறது என்று நான் காட்டுகிறேன், 60,000க்குத்தான் தீர்ப்பு. எதிர், ஈடு இரண்டும் சேர்ந்த நல்ல கட்டுமானம். நீதிமன்றத்துக்கு வெளியே அது நடமாடி நான் பார்க்கவில்லை.

வருமான வரியில்தான் கழி இடிக்கிறது. அங்கே கழிவு என்றால் ஆயுள் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி என்று வருமானத்திலிருந்து தள்ளும் தொகைகள். நட்டத்தை லாபத்தில் வைத்துப் பார்ப்பது வேறு விதி, வேறு வரம்பு. பழைய வரி முறையில் இருக்கும் ஒருவருக்கு வீட்டுக் கடன் வட்டியால் வீட்டுச் சொத்து வருமானத்தில் 2,60,000 ரூபாய் நட்டம் என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்துக்கு எதிரே அதில் 2 லட்சம்தான் வைக்க முடியும். மிச்சம் 60,000 அடுத்த ஆண்டுகளுக்குப் போகும், 8 ஆண்டு வரை, அதுவும் வீட்டுச் சொத்து வருமானத்தில் மட்டும். நீண்டகால மூலதன நட்டத்தை நீண்டகால மூலதன லாபத்தைத் தவிர வேறெதிலும் வைக்க முடியாது. எது எதன் எதிரில் உட்காரலாம் என்று சட்டம் பந்தி பிரித்து வைத்திருக்கிறது. இதைக் கழிவு என்று மொழிபெயர்த்துவிட்டால், இரண்டு விதிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள நாமே வழி செய்து கொடுத்தது மாதிரி.

இந்த இடத்துக்கு நான் எடுத்தது சரிக்கட்டு. வணிகவியல் பாடப் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன், ஈடுசெய்தல் என்றும் சிலர் எழுதுவார்கள். சரிக்கட்டு என்ற சொல்லுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு என்பது தெரியும். ஆளைச் சரிக்கட்டியாயிற்று என்றால் கவர் கைமாறிவிட்டது என்று அர்த்தம். 2016இல் 36 ரஃபேல் போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டபோது, அதன் மதிப்பில் 50 சதவீதத்தை விற்பனைத் தரப்பு இந்தியாவில் கொள்முதலாகவும் முதலீடாகவும் இறக்க வேண்டும் என்ற ஆஃப்செட் நிபந்தனை அரசியல் சண்டை ஆனது. தமிழ்ப் பத்திரிகைகள் ஆஃப்செட் என்றே எழுதின. நல்லவேளை. ‘சரிக்கட்டு ஒப்பந்தம்’ என்று யாராவது தலைப்பு வைத்திருந்தால் தலைப்பே தீர்ப்பாகியிருக்கும். ஆனால் கவனித்துப் பார்த்தால் அந்தக் கெட்ட அர்த்தம் ‘யாரை’ என்ற கேள்வி எழும் இடத்தில்தான் தலைகாட்டுகிறது. ‘எதை’ என்று தெளிவாக இருந்தால் வராது. நட்டத்தை லாபத்தில் சரிக்கட்டினோம், இதில் தப்பாக எடுக்க யாருமில்லை.

அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உண்மையில் தமிழர்கள் தினமும் ஆஃப்செட் செய்வது அந்தச் சொல்லில்தான். ஆனால் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் உட்காருவதும் அதே சொல்லில்தான் நடக்கிறது. பேச்சுக்குப் போதும், அறிக்கைக்கு ஆகாது.

கடைசியாக, என்னை உண்மையில் நிறுத்தியது அந்தக் கார்பன் பக்கங்கள்.

நடப்பது இதுதான். ஒரு நிறுவனம் புகை விடுகிறது. அதைக் குறைக்க முடியவில்லை, அல்லது குறைக்கச் செலவு அதிகம். வேறெங்கோ ஒருவர் மரம் நட்டோ காற்றாலை வைத்தோ அங்கே வெளியேறியிருக்கக்கூடிய, அல்லது காற்றில் ஏற்கெனவே இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் குறைத்ததாகச் சான்று பெறுகிறார். ஒரு டன்னுக்கு ஒரு சான்று. நிறுவனம் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கின் எதிரில் வைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஏஇஎஸ் என்ற மின் நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி மின் நிலையம் கட்டியபோது, 1988இல் குவாத்தமாலாவில் மரம் நடப் பணம் கொடுக்க முன்வந்தது. இந்த யோசனையின் முதல் எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டுவது அதைத்தான். புகையைக் குறைக்க நாடுகள் 1997இல் செய்துகொண்ட கியோட்டோ உடன்பாட்டுக்குப் பிறகு இது நாடுகளுக்கு இடையிலான வியாபாரமானது. நம் ஊர்க் காற்றாலைகள் பலவும் அந்த உடன்பாட்டின் திட்டத்தில் பதிவாகிச் சான்று விற்றன. விற்கிற பக்கத்தில் அன்றே இருந்தோம், இப்போது என் கையிலிருக்கும் அறிக்கையில் வாங்குகிற பக்கத்தில் இருக்கிறோம்.

இதற்கு ஈடுசெய் என்று போட்டால் என்ன கெட்டுவிடும்? செக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்காவிடம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். நாங்கள் வெளியிட்ட புகையை முழுமையாக ஈடுசெய்துவிட்டோம் என்பது வாக்கியம்.

“ஈடுன்னா அடமானமுங்களே, எதை வெச்சாங்க?” என்று முதலில் கேட்டார். சொல்லி விளக்கினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார்.

“ஏனுங்க, பொகை போனது போனதுதானுங்களே? எங்கியோ மரம் வெச்சா இங்க காத்து சரியாப் போயிருமுங்களா?”

புகை கலப்பது உலகக் காற்றில், எங்கே குறைத்தாலும் வெப்பநிலைக் கணக்குக்கு ஒன்றுதான் என்று சொல்லலாம். கார்பனைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் அவர் கேட்டது பாய்லர் பக்கத்தில் நின்று மூச்சு விடுவதைப் பற்றி, அதற்கு அந்தப் பதில் செல்லாது. கார்பன் கணக்கிலேயே வேறு கேள்விகள் இருக்கின்றன. அந்த மரம் நாற்பது வருடம் நிற்குமா, தீப்பிடித்தால் என்ன ஆகும், பணம் வராவிட்டாலும் அந்தக் காற்றாலையை வைத்திருப்பார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பது பதிலாக இருந்தால் வாங்கிய சான்று வெறும் தாள். இத்தனை ‘ஆனால்’ தொங்கும் ஒரு காரியத்துக்கு, பிரச்சினை தீர்ந்தது என்று முத்திரை குத்தும் வினைச்சொல்லைப் போடக்கூடாது. தமிழில் ஈடுசெய்தாயிற்று என்றால் பழையபடி ஆக்கிக் கொடுத்தாயிற்று என்றுதான் கேட்கும். ஆங்கிலத்தின் ஆஃப்செட் அவ்வளவு தூரம் வாக்குக் கொடுப்பதில்லை, எதிரில் வைத்தோம் என்பதோடு நிற்கிறது.

இது சொல்லாராய்ச்சி மட்டும் அல்ல, இந்த நிறுவனம் துணி அனுப்புவது ஐரோப்பாவுக்கு. ஆஃப்செட் வாங்கியதை மட்டும் காட்டி, இந்தப் பொருளால் பருவநிலைக்குப் பாதிப்பே இல்லை என்று நுகர்வோரிடம் விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதி தடுக்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் அது நடைமுறை. ஆங்கில அறிக்கையை எழுதியவர் அதனால்தானோ என்னவோ சொற்களை அளந்து போட்டிருந்தார். நான் தமிழில் தாராளம் காட்டியிருக்கிறேன்.

கழித்தோம் என்று போடலாமா என்று பார்த்தேன். புகையே வெளியேறவில்லை என்று ஆகிவிடும். வரவு வைத்தோம் என்பது கணக்காளருக்குப் பிடிக்கும், மற்றவர்களுக்குப் புகை வரவா என்று சிரிப்பு வரும். மாற்றுக்குறைப்பு, எதிர்க்குறைப்பு என்று புதிதாக இரண்டு செய்து பார்த்தேன். இரண்டையும் மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே பொருள் விளங்க ஒரு நொடி ஆனது.

முடிவில் பெயர்ச்சொல்லை அப்படியே விட்டேன், கார்பன் ஆஃப்செட். முதல் தடவை வரும் இடத்தில் அது என்ன என்று மேலே சொன்ன மாதிரி இரண்டு வரி. வினைச்சொல்லைத்தான் மாற்றினேன். நிறுவனம் உண்மையில் செய்தது என்ன? வாங்கியது. ‘இத்தனை டன் புகை வெளியானது. இத்தனை டன்னுக்கு ஆஃப்செட் வாங்கினோம்.’ இரண்டு வாக்கியம், இரண்டு எண், பக்கத்தில் பக்கத்தில். தூக்குவாளியும் கல்லும் மாதிரி, இரண்டும் தட்டில் தெரிகிறது.

அறிக்கை இப்போது இப்படி நிற்கிறது: நூல் விலைக்கு ஈடுகட்டு, நட்டத்துக்குச் சரிக்கட்டு, முன்பணத்துக்குப் பிடித்தம், கார்பனுக்கும் அச்சுக்கும் ஆஃப்செட்டேதான். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் வேண்டும் என்று சரிபார்ப்பவர் குறிப்பு எழுதியிருந்தார். கலைச்சொல் பட்டியலோடு வேலை செய்கிறவர்களுக்கு அது நியாயமான கவலைதான். சட்ட ஆவணம் என்றால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் இங்கே ஒன்றாக்கினால் சனிக்கிழமை கணக்காளரிடம் சண்டைக்கு வருவார்கள் என்று பதில் எழுதினேன்.

ஒரு பாக்கி இருக்கிறது. நிறுவன முதலாளிக்கு முன்னட்டையில் ‘புகையை ஈடுசெய்த நிறுவனம்’ என்று பெரிதாக வேண்டுமாம். கேட்க நன்றாக இருக்கிறது என்கிறார். உள்ளே வாங்கினோம் என்று இருக்கிறது, வெளியே ஈடுசெய்தோம் என்று போட்டால் படிக்கிறவர்கள் எதை நம்புவார்கள் சார் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். உள்பக்கங்கள் சிவகாசியில் அச்சாகிக்கொண்டிருக்கின்றன, அட்டை மட்டும் இன்னும் போகவில்லை.